பழைய பாதையின் அகலம்

சாலையை அகலப்படுத்தினால் பட்டாபிராமில் இருக்கும் எட்மண்டின் வீடு போய்விடும். வாசலில் ஓடும் அந்தச் சாலை, வெள்ளைக்காரன் காலத்துக்கும் முந்திய வண்டிப்பாதை. அதைத் தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டால் யாரும் கைவைக்க முடியாது என்று மனுப் போட்டிருந்தார்.

இன்று தொல்லியல் துறை அதிகாரி அளக்க வந்தார். எட்மண்ட் அவரை வாசலிலேயே மறித்துக் கேட்டார்.

"இன்னா சார், கெடைச்சிருமா?"

"கிடைச்ச மாதிரிதான். நீங்க தேடிக் கொடுத்த பழைய வரைபடம் இருக்கே, அதுதான் பலமான சாட்சி."

"அப்பாடா!" என்றாள் மனைவி ஷைலா. "மூணு நாளா சோறு எறங்கல சார், இந்த மனுஷனுக்கு."

அதிகாரி வரைபடத்தைப் பார்த்தபடியே அளவுநாடாவை இழுத்துக்கொண்டு வாசல் தாண்டி, கூடம் தாண்டி, சமையலறைக்குள் போனார்.

உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "பழைய பாதைக்கு நட்டநடுவுல அடுப்பு வச்சிருக்கீங்களே, சார்!"