ஜெபராஜுக்கு மட்டும்

சிக்ஸர்.

பந்து மதிலைத் தாண்டி ரயில்வே லைன் பக்கம் போய் விழுந்தது. பந்து போட்ட அவன் இடுப்பில் கை வைத்து, போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எப்படித் தெரிகிறது இந்தப் பொடியனுக்கு? மீசைகூட இன்னும் சரியாக முளைக்கவில்லை.

அவனுடைய இடது கைச் சுழலில் எல்லாப் பந்தும் வெளியே திரும்பும். ஒன்று மட்டும் திரும்பாது. அதே ஓட்டம், அதே கை, ஆனால் நேரே உள்ளே பாயும். சென்னை லீக்கில் இத்தனை வருடம் அவனுக்குச் சோறு போட்டது அந்தப் பந்துதான். அதற்காகத்தான் கம்பெனி வேலை கொடுத்தது. மாநில அணியில் எடுத்தார்கள். பேப்பரில் படம் போட்டார்கள்.

இந்த சீசனில் அதைத்தான் போட்டு நொறுக்குகிறார்கள். இன்னும் இரண்டு ஆட்டம் இப்படிப் போனால் அணியில் இடம் இருக்காது.

அது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவன். விக்கெட் கீப்பர் ஜெபராஜ்.

கீப்பருக்குச் சொல்லாமல் போட முடியாது. எந்தப் பக்கம் நகர்வது என்று கீப்பருக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு ஒரு சைகை. இத்தனை நாள் தொப்பியைத் தொடுவான். இன்று காலை அதை மாற்றினான். இனிமேல் காலரைத் தூக்கிவிட்டால் நேர்ப்பந்து. ஜெபராஜைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னான்.

இரண்டு தடவை காலரைத் தூக்கினான். இரண்டும் சிக்ஸர்.

அப்புறம் யார் சொல்லியிருப்பார்கள்? அசரீரியா கேட்டது?

எதிரணிக் கோச், ஜெபராஜின் தங்கை புருஷன். டாஸுக்கு முன்னால் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடித்ததை அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி வந்துவிட்டான். தன் மகளுக்குப் பெயர் வைக்கவே ஜெபராஜைத்தான் கூப்பிட்டிருந்தான். கூடவே இருந்து குழி பறிக்கிறானே, பாவி!

திரும்பி வந்த பந்தை வாங்கி பேண்ட்டில் அழுத்தித் தேய்த்தான்.

சரி, பார்த்துவிடலாம்.

ஓடத் தொடங்கும் இடத்தில் நின்றான். ஜெபராஜின் கண்ணைப் பார்த்தான். காலரைத் தூக்கிவிட்டான்.

போடப்போவதோ திரும்பும் பந்து. பொடியன் நேர்ப்பந்து என்று நினைத்து மட்டையை வீசினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

போட்டான்.

பொடியன் வீசவில்லை. பந்து தரையில் விழுவதற்கு முன்பே மட்டையை உயர்த்தி, வெளியே திரும்பட்டும் என்று விட்டுவிட்டான்.

ஜெபராஜ் நேர்ப்பந்துக்காக லெக் சைடு நகர்ந்திருந்தான். பாதியில் புரிந்து, மறுபக்கம் பாய்ந்தான். பெயர்ந்த மண்ணில் குத்திய பந்து எகிறி ஜெபராஜின் வாயில் அடித்தது.

எல்லோரும் ஓடினார்கள். அவன் மட்டும் பந்து போட்ட இடத்திலேயே நின்றான்.

பொடியனுக்கு எந்தச் சைகையும் தெரியாது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கையைப் பார்த்தே ஆடியிருக்கிறான். வயதாகிப்போன இடது கை. அதுவே காட்டிக்கொடுத்திருக்கிறது.

காலரை நம்பியது ஜெபராஜ் ஒருவன்தான்.

அவன் மெல்ல நடந்து போனான். யாரோ ஐஸ் கொண்டுவந்திருந்தார்கள். ஜெபராஜ் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து தொங்கியது. சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். அவனைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான்.

"ஸாரி மச்சி. நீ கரெக்டாத்தான் காமிச்ச. நான்தான் எதையோ பாத்துத் தொலைச்சிட்டேன்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் குனிந்தான். வாய் வரை வந்தது.

பக்கத்தில் கேப்டன் நின்றிருந்தார். மொத்த டீமும் நின்றிருந்தது.

"பரவால்ல, விடுறா," என்றான்.