குழாய்க்காரர் பார்த்த படம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா டீயில் ஊறிய பன்னை விழுங்குகிறார்; அது நெஞ்சுக்குள் நின்றுகொள்கிறது. கையால் தடவித் தடவி இறக்குகிறார். பன்னிரண்டு வருட நெஞ்செரிச்சலை ‘வெறும் கேஸ்’ என்று சொல்லி ரோஸ் மருந்து கொடுத்த டாக்டர்கள், இன்று ‘ஏன் முன்னாடியே வரல?’ என்கிறார்கள். இங்கிலீஷ் ரிப்போர்ட்டைப் பிரிக்கிறேன். உணவுக்குழாயில் புற்று. “என்ன போட்டிருக்கான், பாப்பா?” “சும்மா அடைப்புதான்ப்பா.” முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவர், ரிப்போர்ட்டோடு இருந்த, தொண்டைக்குள்ளே கேமரா விட்டு எடுத்த படத்தைப் பிடுங்கி வெயிலில் பிடிக்கிறார். நகக்கண்ணில் பைப் பசை காய்ந்திருக்கிறது. “யாருகிட்ட கதை விடறே? ஆசிட் கீழேருந்து ஏறி ஏறி அரிச்சிருக்கு. அரிச்ச எடத்துலதான் இது வளந்திருக்கு. அடைப்பெடுத்தா நிக்காது. அறுக்கணும்.” படத்தை என்னிடம் திருப்பித் தருகிறார். “அறுத்துட்டு எதை மாட்டுவானாம்? படிக்க வெச்சேன்ல, படிச்சுச் சொல்லு.”