நெல் தெறித்த கண்

தஞ்சாவூரின் கண் மருத்துவமனை ஒன்றில், இருட்டறையின் ஒரே வெளிச்சம் ஞானசேகரின் வலது கண்ணில் விழுகிறது. அறுவடையில் நெல் தெறித்த இடம் கருவிழியில் பருக்கைபோல் வெளுத்திருக்கிறது. இப்படி நெல்பட்ட கண்களையே ஆராய்ந்து வரும் டாக்டர் தஹ்மீனா, எல்லோரிடமும் கேட்பதை இவனிடமும் கேட்கிறார். "வீட்ல கண்ணுல என்ன விட்டீங்க?"

"ஒண்ணும் விடலிங்க. தண்ணியிலதான் கழுவுனேன்."

கதவருகே, பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருக்கும் அவன் தங்கை கௌசல்யாவின் மடியில் குழந்தை பால் குடிக்கும் சத்தம். குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே அவள் விசும்புகிறாள். "அண்ணன் பொய் சொல்லுது டாக்டர். என் பாலைத்தான் பீச்சி விட்டேன். ராத்திரியெல்லாம் துடிச்சுச்சு, பாக்க முடியல. என்னாலதான் கண்ணு போச்சா?"

"நெல்லுல இருந்த பூசணந்தாம்மா புண்ணாக்கியிருக்கு. இனிமே யார் கண்ணுலயும் பால் விடாத." தஹ்மீனா வெளிச்சத்தை அவன் கண்ணிலிருந்து மெல்ல விலக்குகிறார். "பால் விட்டப்புறம் வலி கூடுச்சா?"

முகவாயைக் கண் பார்க்கும் கருவியிலிருந்து எடுத்து, கண்ணீர் வழிய, குழந்தையின் சத்தம் வரும் பக்கம் திரும்புகிறான் அவன்.

"இல்லிங்க. அப்பத்தான் கொஞ்சம் தூங்குனேன்."