நாற்பது கிலோ நாய்க்கான மாத்திரை

"இதயத்துல புழு வராம இருக்க நாய்க்குக் கொடுப்பாங்களே, அந்த மாத்திரை ஒண்ணு வேணும் டாக்டரம்மா. நாப்பது கிலோ நாய்க்குக் கொடுக்கிறது."

கேட்டவர் கையில் இருந்த நாய் நாலு கிலோ தேறினால் அதிகம்.

என் அறைக்கு வரும் நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகப் பார்க்கும். இது அவர் கையிலிருந்து குதித்து, நேராக எடை மெஷினில் போய் ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

"யாரைப் பார்த்தாலும் இப்படித்தான். பாசம் ஜாஸ்தி," என்றார்.

நாலு கிலோ நூறு கிராம்.

நாயின் பெயரைக் கேட்டேன். சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டைகர்" என்றார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வயதைக் கேட்டேன். இரண்டு என்றார். அதற்கு ஒன்பது.

எடைக்குத் தகுந்த மாத்திரைதான் கொடுக்க முடியும், இதற்குச் சின்ன மாத்திரையே போதும் என்றேன்.

"வளருமே டாக்டரம்மா."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். நான் பேனாவை மூடி வைத்தேன்.

அவர் சட்டையின் வலது கை தோள்வரை நனைந்திருந்தது. காய்ந்த ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. இங்கிருந்து கடலுக்குப் போக ஒரு பகல் ஆகும். இதே மாத்திரையை, இதே முழி முழித்துக்கொண்டு கேட்டவர்களை இதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன்.

"தொட்டி எத்தனை லிட்டர்?" என்றேன்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார்.

"முந்நூத்தி எண்பது."

அதற்குப் பிறகு, பாவம், மனிதர் எதையும் மறைக்கவில்லை. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வீட்டுக் கூடத்தில் கடல் தண்ணீர்த் தொட்டி, அதில் உயிருள்ள பவளம். தொட்டி மகளுடையது. கல்யாணமாகிப் போகும்போது நகத்தளவு பவளத் துண்டு ஒன்றைப் பாறையில் ஒட்டிவிட்டு, "பார்த்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். ஆறு வருடத்தில் அது தட்டு அகலம் வளர்ந்துவிட்டது.

போன மாதம் அதன் நீலம் மங்க ஆரம்பித்தது. கடையில் இருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பார்த்தால், பவளம் முழுக்கப் பூச்சி. இறால், நண்டு வகையறாதான், ஆனால் கடுகில் பாதிகூட இல்லை. மஞ்சள் உடம்பு, சிவப்புப் புள்ளி. சொட்டுமருந்துக் குழாயால் உறிஞ்சிப் பார்த்திருக்கிறார். ஒன்றை உறிஞ்சினால் ஒன்பது நடந்து வருகிறதாம். நாய்க்குக் கொடுக்கிற இந்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தால் பூச்சி செத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அதே நிறத்தில் வேறொன்று வாங்கி வைத்துவிடுங்கள், அவளுக்கா தெரியப்போகிறது என்று மனைவி சொல்லியிருக்கிறார். மகளுக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியும்.

"அடுத்த மாசம் வர்றா டாக்டரம்மா. வாசல்ல செருப்பைக் கழட்டினதும் அது முன்னாடிதான் போய் நிப்பா. அப்புறம்தான் அப்பா, அம்மா எல்லாம்."

அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"சரி, இந்த நாய்?"

தலையைக் குனிந்துகொண்டார். நாயைப் பார்க்காமல் எந்த டாக்டரும் மாத்திரை தரவில்லையாம். பார்க்கில் ஒரு பெரியவர் இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பேத்திக்குக் காட்டிவிட்டு அரைமணி நேரத்தில் கொண்டுவந்து விடுகிறேன் என்று வாங்கி வந்திருக்கிறார். பேத்தியே கிடையாது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பவளத்துக்கு எத்தனை என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஆள் கேட்டதும் நாயைத் தூக்கிக் கொடுத்த அந்தப் பெரியவரை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாய் வளர்த்த பழக்கம் உண்டா?"

"சின்ன வயசுலேர்ந்தே நாய்னா எனக்குப் பயம். இங்க வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு தடவை முகத்தை நக்கிடுச்சு," என்றார். சொல்லும்போதே கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் இளகிவிட்டது. நாய் மாத்திரையைத் தொட்டிக்குக் கொடுப்பது சரியா என்று யாரும் கேட்காத வரை நல்லது. அலமாரியைத் திறந்து பெரிய மாத்திரையாக ஒன்று எடுத்தேன்.

"தொட்டில இறால், நண்டு இருந்தா முதல்ல பிடிச்சு வெளிய எடுத்துடுங்க. பூச்சிக்குப் போடற மருந்து அதுங்களையும் சேர்த்துக் கொன்னுடும்."

"எல்லாம் பக்கெட்டுக்கு மாத்தியாச்சு டாக்டரம்மா. ஒரே ஒரு நண்டுதான் மூணு நாளா கைக்குச் சிக்கமாட்டேங்குது."

மாத்திரையைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, தைரியத்தையெல்லாம் திரட்டி, நாயைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டினார். அது எடை மெஷினிலிருந்து இறங்கி வந்து என் நாற்காலிக்கு அடியில் படுத்துவிட்டது.

"அது இங்கயே இருக்கட்டும்," என்றேன். "பார்க்குல எங்க அப்பா காத்துக்கிட்டு இருப்பாரு. நாய் எங்கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."