அடியா, பிழையா?

“பிழைதான் மேடம்! பிழைன்னு மாத்தி எழுதுங்க!”

“மாத்தாதீங்க மேடம்! அது அடி. சுத்தமான அடி!”

“நீ வாயை மூடுடா!”

“நீ மூடுடா முதல்ல!”

லோர்னா பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். மைதானத்துக்கு மேலே, நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் மரக்கூண்டு அது. கதவை இடித்துக்கொண்டு இரண்டு தடியன்கள் உள்ளே வந்திருந்தார்கள். ஒருவன் செம்பட்டைத் தலை, இன்னொருவன் நெட்டை. இருவரும் அப்போதுதான் குளித்து, தலை சொட்டச் சொட்ட, எண் இல்லாத சாதாரணச் சட்டையில் நின்றார்கள்.

கீழே ஊரே கூத்தாடிக்கொண்டிருந்தது. நெப்ராஸ்காவின் அந்தச் சின்னக் கல்லூரியின் பேஸ்பால் அணி இந்த வருடம் நாற்பத்தொரு ஆட்டம் வென்று, முதல் தடவையாக வட்டாரக் கோப்பையைத் தூக்கியிருந்தது. பயிற்சியாளர் தலையில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்தாகிவிட்டது. இறைச்சி சுடும் புகை கூண்டு வரைக்கும் ஏறி வந்தது.

லோர்னாவுக்குத்தான் நிம்மதி இல்லை. முப்பது வருடமாக ஆட்டக் குறிப்பு எழுதும் வெர்னனுக்கு இடுப்பில் ஆபரேஷன். பெண்கள் பள்ளி ஆட்டங்களுக்கு எழுதிப் பழகியவள் என்று இவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த முதல் நாளே வினை.

எட்டாவது சுற்றில் ஒரு பந்து. எதிரணிக்காரன் தரையோடு அடித்தான். தடுப்பாளன் கோல்பி நோவாக்கின் கையுறையில் பட்டு நழுவி ஓடிவிட்டது. ‘அடி’ என்று எழுதினாள் லோர்னா, அதாவது அடித்தவன் சாமர்த்தியம். ஆட்டம் முழுக்க எதிரணிக்குக் கிடைத்த ஒரே அடி. பந்து எறிந்த டால்டன் ரீஸுக்கு, ‘ஓர் அடி கூடக் கொடுக்காதவன்’ என்ற பெயர் அதோடு போயிற்று. அந்தக் கல்லூரியில் அறுபது வருடமாக ஒருத்தனும் வாங்காத பெயர். ‘பிழை’, அதாவது தடுத்தவன் தவறு, என்று எழுதியிருந்தாலோ, போயிருப்பது நோவாக்கின் பெயர். சீசன் முழுக்க ஒரு பிழை கூடச் செய்யாதவன் அவன்.

இரண்டு பேருக்கும் இது கடைசி வருடம். இரண்டில் ஒரு பெயர்தான் நிற்கும். ஆறு மணிக்குள் தாளை அனுப்பியாக வேண்டும். மணி ஐந்து நாற்பது.

மேலேயிருந்து பார்த்தபோது அவளுக்கு முதுகில் எண்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. இப்போது எவன் எவன் என்று பெயர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பேச்சே சொல்லிவிட்டது.

“கைக்குள்ள வந்து விழுந்த பந்து மேடம்!” என்றான் செம்பட்டைத் தலையன். “எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பொடிசு கூடப் பிடிச்சிருக்கும்.”

“அடிச்ச வேகம் அப்படி!” நெட்டையன் பாக்கெட்டிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தான். “எறிஞ்ச பந்தும் சொத்தை. தட்டுல வச்சு நீட்டின மாதிரி போனா, அடிக்காம கொஞ்சுவானா?”

“பந்தைச் சொத்தைன்னு சொன்னே, பல்லை உடைச்சுடுவேன்!”

“தடுத்தவனைப் பத்திப் பேசினா நான் மட்டும் சும்மா இருப்பேனா?”

லோர்னாவுக்கு வேடிக்கையாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. ஒலிபெருக்கியில் பேசுகிறவர் சாப்பிடக் கீழே இறங்கும்போதுதான் சொல்லிவிட்டுப் போனார்: ரீஸும் நோவாக்கும் நாலு வருடமாக ஒரே அறை, ஒரே கடலை வெண்ணெய் டப்பா, இரண்டு கரண்டி. அந்தச் சிநேகிதமா இந்த அழகில் இருக்கிறது?

“ஏம்ப்பா, கோப்பை கீழே இருக்கு. ஊரே கொண்டாடுது. நீங்க ஒரு பேருக்காக இங்கே மல்லுக்கு நிக்கறீங்க. வெட்கமா இல்லையா?”

“இவன்கிட்டச் சொல்லுங்க!” என்று இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

லோர்னா பென்சிலைக் கையில் எடுத்தாள்.

“சரி, எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். பந்து கடைசி நேரத்துல எகிறிச்சா, இல்லையா? எகிறியிருந்தா அடி. எகிறலைன்னா பிழை. மேலேருந்து எனக்குச் சரியாத் தெரியலை. சந்தேகம்னா அடின்னு எழுதறது வழக்கம், எழுதினேன்.”

“எகிறலை மேடம்!”

“எகிறிச்சு மேடம்! ஒரு முழம் எகிறிச்சு!”

“போதும்!” தாளில் ஓங்கித் தட்டினாள். செம்பட்டைத் தலையன் பக்கம் திரும்பினாள். “நீ பேசாதே. எறிஞ்ச இடத்துல நின்னுக்கிட்டு உனக்கு என்ன தெரியும்? பந்து போய்ச் சேர்ந்தது நோவாக் கைக்கு. எகிறிச்சா இல்லையான்னு அந்தக் கைக்குத்தான் தெரியும். அவன் வாயால என்ன சொல்றானோ, அதை அப்படியே எழுதி அனுப்பப் போறேன். இதுக்கு மேல பேச்சு இல்லை.”

நெட்டையன் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தாள்.

“பயப்படாம சொல்லுப்பா, நோவாக்.”

நெட்டையன் விதை மெல்லுவதை நிறுத்தினான். திறந்த வாய் திறந்தபடி, அவன் தன் சிநேகிதனைப் பார்த்தான். தலையை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டினான், கெஞ்சுவதுபோல.

செம்பட்டைத் தலையன் அவனைப் பார்க்கவே இல்லை. குனிந்து, லோர்னாவின் கையிலிருந்த பென்சிலைத் தாளின்மேல் மெல்லத் திருப்பி வைத்தான்.

“நோவாக் நான்தான் மேடம். பந்து எகிறலை.”