தபால் நிலையத்துக்கு ஒரு பெயர்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சிற்றூர். காங்கிரஸ் எனும் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குள் தொப்பியைக் கழற்றியபடி முதியவர் ஒருவர் நுழைந்தார்.

“எங்க ஊர் போஸ்ட் ஆபீசுக்கு டெல்பர்ட் ஹாக்ஸ் பேரை வைக்கணும்மா.”

“யாரு சார் அவரு?” உதவியாளர் கொரின் குறிப்பெடுக்கத் தொடங்கினாள்.

“தபால்காரர். பனியில ஜீப் மாட்டிக்கிட்டா, மருந்துப் பார்சலைத் தோள்ல போட்டுக்கிட்டு மலையேறுவாரு.”

“இப்படிப்பட்டவங்க இப்ப எங்க சார் இருக்காங்க! ஊர்ல யாராவது எதிர்ப்பாங்களா?”

“நாய்ங்க மட்டும்தான்.”

கொரின் சிரித்தாள். “போஸ்ட் ஆபீசுக்குப் பேர் வைக்கக் காங்கிரஸ்ல சட்டமே போடணும். அது நிறைவேற ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். உயிரோட இருக்கறவங்க பேரை வைக்கிற வழக்கம் இல்ல. தெரியுமில்ல?”

“தெரியும். அதனாலதான் வந்தேன்.”

“அவர் எப்ப தவறினாரு?”

“கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

கொரின் நிமிர்ந்தாள். “சார்... நீங்கதானா டெல்பர்ட்?”

“ஆமாம்மா. போர்டைப் பார்க்க இருக்க மாட்டேன். மனு போனதையாவது பார்த்துட்டுப் போறேனே.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க. நீங்க குணமாகணும்னு நான் ஜெபம் பண்றேன்.”

டெல்பர்ட் பதறிப்போனார். “வேண்டாம்மா! அப்புறம் மனுவைத் தள்ளிடுவாங்க!”