மூக்கு சொன்னால் சரி

"அன்னிக்கு சாயங்காலம் எனக்கு லேசா நெடி அடிச்ச மாதிரி இருந்துச்சு சார்" என்றான் எலக்ட்ரீஷியன்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "மூக்குக்கே தெரியாத நெடி உனக்குத் தெரிஞ்சுதாக்கும்?"

மூன்று நாளுக்கு முன் பீப்பாய்க் கிடங்கு தீப்பிடித்ததை விசாரிக்க வந்திருந்த அதிகாரி விழித்தார். மேனேஜர் விளக்கினார். அந்த விஸ்கி தொழிற்சாலையில் 'மூக்கு' என்றால் ஒரு ஆள். முகர்ந்து பார்த்தே விஸ்கியின் வயதைச் சொல்லிவிடுவார். தினமும் வேலை முடிந்ததும் பீப்பாய்க் கிடங்கில் வரிசை வரிசையாக நடப்பார். எந்தப் பீப்பாயாவது கசிந்தால் அவர் கால் அங்கே நின்றுவிடும். அவர் தலையாட்டிய பிறகுதான் கதவைப் பூட்டுவார்கள். இருபத்தாறு வருட வழக்கம்.

மூக்கு பக்கத்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரீஷியனுக்கு அவர் அந்நியர் இல்லை, மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"நீங்க சொல்லுங்க. அன்னிக்குக் கசிவு இருந்துச்சா?"

"எனக்கு நெடி ஒண்ணும் வரலை சார்" என்றார் மூக்கு.

அதோடு முடிந்தது. கசிவு இருந்திருந்தால் வாசலில் நின்ற லாரியின் சின்னப் பொறியே போதும், ஒயரிங் மேல் குற்றமில்லை. கசிவு இல்லையென்றால் தீ ஒயரிங்கில்தான் பிடித்திருக்க வேண்டும். கிடங்கு முழுக்க ஒயர் இழுத்தது எலக்ட்ரீஷியன்.

"பொறுப்பை ஏத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. வேலையோட போகும், போலீஸ் வரைக்கும் போகாது" என்றார் மேனேஜர்.

மூன்று நாளாக அவனுக்கே சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. எங்கேயாவது ஒரு திருகை முடுக்காமல் விட்டோமோ? அன்று சாயங்காலம் கேட்கத்தான் செய்தான், "நெடி ஏதோ தூக்கலா இல்ல மச்சான்?" என்று. "எனக்கு வராதது உனக்கு வந்துடுச்சா? போ மாப்ள" என்று மூக்கு தோளில் தட்டினார். இவனும் வாயை மூடிக்கொண்டான். அன்று கொஞ்சம் பிடிவாதமாக நின்றிருக்கலாம்.

கையெழுத்துப் போட்டான்.

இருவரும் ஆற்றோரமாக வீட்டுக்கு நடந்தார்கள். வெடித்த பீப்பாய்களின் விஸ்கி மொத்தமும் சாக்கடை வழியாக ஆற்றில்தான் இறங்கியிருந்தது. மீனெல்லாம் செத்து மிதந்து, மூன்று நாள் வெயிலில் ஊறிக் கிடந்தது. மீன்பிடிக்கிறவர்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கூடை கூடையாக வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் எலக்ட்ரீஷியனை அடையாளம் கண்டுகொண்டான். "எங்க பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்றான்.

எலக்ட்ரீஷியனுக்கு நாற்றம் தாங்கவில்லை. கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்ததும் கண் கலங்கியது.

மூக்கு பக்கத்தில் உட்கார்ந்தார். "என் மேல கோவமா மாப்ள?"

"உங்க மேல என்ன கோவம் மச்சான்? உள்ளதைத்தானே சொன்னீங்க. எனக்காகப் பொய்யா சொல்ல முடியும்?"

மூக்கு வேறு பக்கம் பார்த்தார். பிறகு பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். "காலைலேர்ந்து நீ பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலை. என் வீட்டுக்காரி ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கட்டிக் குடுத்தா. சாப்பிடு."

இவன் அசையவில்லை. அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

எலக்ட்ரீஷியன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இந்த நாத்தத்துல உங்களால எப்படிச் சாப்பிட முடியுது?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மூக்கு மெல்லச் சுற்றிலும் பார்த்தார். அந்தக் கரையில் மூடாத மூக்கு அவருடையது ஒன்றுதான்.

அவசர அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவி, கைக்குட்டையை எடுத்துப் பொத்திக்கொண்டார்.